ஸ்கேனுக்கு முந்தின டீ

ராயபுரம்,
9.11.2024

அன்புள்ள சித்ராவுக்கு,

நலமா என்று கேட்டால் எரிந்து விழுவாய். போனையும் எடுப்பதில்லை. பல்லடத்து ஆட்களை ஏற்றிவரும் நம் பனியன் கம்பெனி வேன் டிரைவர் அழகுமலையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டீ குடித்ததற்காக ஒருத்தி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவாளா? முதல் தடவை ஸ்கேனுக்குக் கிளம்பும் முன் கம்பெனியில் பதினோரு மணி டீ வந்தது, ஆட்களோடு சேர்ந்து குடித்துவிட்டேன். இரண்டாம் தடவையும் பழக்கதோஷம்தான். "டீ குடிச்சா ஊசி மருந்து வேலை செய்யாதுங்க, இன்னொரு நாள் வாங்க"ன்னு நர்ஸ் அனுப்பியதில் என் தப்பு என்ன? மறுபடி வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சு இப்போது ஒன்றும் செய்யவில்லை. நீ வா.

உன்,
மகுடேஸ்வரன்

பல்லடம்,
11.11.2024

மாமாவுக்கு,

ஒன்றும் செய்யவில்லையா? தையல் ஹால் மாடிப்படியில் பாதியில் நின்று, போன் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்குவது எனக்குத் தெரியாதா?

முட்டிவலியால் உங்களால் டிரெட்மில்லில் நடக்க முடியவில்லை. அதனால் ஊசி போட்டு ரத்தக்குழாயை விரித்து நியூக்ளியர் ஸ்கேன் எடுக்கலாம், இதயத்தில் எங்கே ரத்தம் போகவில்லை என்று படத்தில் தெரியும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மறந்து குடித்தேன் என்று ஊருக்குச் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம்.

சித்ராதேவி

ராயபுரம்,
12.11.2024

சித்ரா,

மறக்கவில்லை. இரண்டாம் தடவை ஸ்கேனுக்காகக் கோயமுத்தூர் போகிற வழியில் பாத்ரூம் என்று காரை நிறுத்திவிட்டு, பேக்கரி ஓரமாக நின்று மடக் மடக்கென்று குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

இதயத்தில் ஒரு பக்கம் செத்துக் கிடக்கிறது என்று படத்தில் வந்துவிட்டால், அதைத் தெரிந்துகொண்டு எப்படித் தூங்குவேன்? பயமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது. வியாழக்கிழமை தனியாகவே போகிறேன். குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யத்தான் தைரியம் வரவில்லை.

மகுடேஸ்வரன்

பல்லடம்,
13.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் குடித்ததை நான் பார்த்தேன். கார்க் கண்ணாடியில் தெரிந்தது. இறங்கித் தட்டிவிடலாம் என்று கதவில் கைகூட வைத்தேன். ஆனால் இறங்கவில்லை. அப்பாடா, இன்றைக்குப் படம் எடுக்க மாட்டார்கள் என்று மனசு நினைத்துவிட்டது. அந்தக் குற்ற உணர்வில்தான் திரும்பி வந்த வழியெல்லாம் உங்களைத் திட்டித் தீர்த்தேன். அந்த ஸ்கேன் அறை வாசலில் மறுபடி உட்கார முடியாமல்தான் இங்கே ஓடிவந்தேன்.

உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேனுங்க?

சாயங்காலம் வந்துவிடுவேன். நாளைக்கு நீங்கள் பேக்கரிப் பக்கம் திரும்பினால் சட்டையைப் பிடித்து இழுப்பேன். பாதி வழியில் நான், "வேண்டாமுங்க, ஊட்டுக்கே போயரலாம்"னு அழுதாலும் நீங்கள் காரைத் திருப்பக் கூடாது.

உங்கள்,
சித்ரா