ஆடு மேய்ப்பவரின் பெயரை நீக்காத என் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அவருடைய இருமல் தணிந்துவிட்டது, தொண்டை மட்டும் கட்டிக்கொண்டது, அதற்குக் காரணம் நீதான். அந்த மலைக்குளிரில் உன் உடம்பு எப்படி என்று ஒரு வரி எழுது. நீ பேராசிரியர் ஆன செய்தி வந்ததிலிருந்து, தையல் கடையில் கதையைக் கேட்காதவருக்கு அவர் அளவே எடுப்பதில்லை. "ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தங்க, வருஷத்துக்கு ஒரு கம்பளிக் கயிறு, ஊத்து ஓடுற வாரத்துக்கு ஒரு முடிச்சுன்னு இருபத்தாறு வருஷமா போட்டு வச்சிருந்தாங்க. என் பொண்ணு அத்தனையையும் தேர்வுக்குழு மேசையில அடுக்கிட்டா" என்று ஆரம்பிப்பார். வருடத்துக்கு வருடம் கயிறு குட்டையாவதைக் கண்டு குழுத்தலைவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார் என்பதுவரை சரி. ஆனால் அவர் கதையில் திங்கட்கிழமை மேசை நீளம் இருந்த முதல் கயிறு இன்று வாசலைத் தாண்டிவிட்டது, அரை அங்குலம் தப்பாத மனிதர்! "அண்ணே, அவங்க முடிச்சுதான் போட்டாங்க, நீங்கதான் கயிறு திரிக்கிறீங்க" என்று மருந்துக்கடைக்காரர் சொல்ல, கடையே சிரித்தது.

நான் ஒன்றை எழுதியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவை உன் ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு ஆசிரியராக எப்படிப் போடலாம், பெயரை எடுத்துவிட்டு வாருங்கள் என்று இதே தலைவர் இரண்டு வருடத்துக்கு முன் உன் பதவி உயர்வை நிறுத்தியபோது, "ஒரு பேருதானே, அடியில நன்றின்னு போட்டுடு" என்று நானும் சொன்னேன். நீ மறுத்தாய், உனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முன்னால் போனார்கள், எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. ஒருத்தி விடை சொல்லி இன்னொருத்தி கரும்பலகையில் எழுதினால் கைதட்டு யாருக்கு என்று முப்பத்தொரு வருடம் வகுப்பில் கேட்டவள் நான், பிள்ளைகள் இரண்டு பேரையும் காட்டுவார்கள். சொந்த மகள் விஷயத்தில் அது எனக்கு மறந்துபோயிற்று. நான் சொன்னது தப்பு, நீ செய்தது சரி. "இவங்க பேரு இல்லாம இந்தக் கட்டுரையே இல்லையே" என்று அந்தத் தலைவரே இப்போது சொன்னதை நீ சொல்லக் கேட்டு, அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். அந்த முடிச்சுக் கணக்கால் ஊற்று வற்றும் வாரம் முன்பே தெரிந்து மந்தைகள் நேரத்தோடு மேலே போனதும், இந்த வருடம் ஒரு குட்டிகூடத் தாகத்தில் சாகாததும் அதைவிடப் பெரிய வெற்றி. "பேராசிரியர் ஆயிட்டா ஏத்தத்துல மூச்சு வாங்காதா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டாராமே, உன்னை நன்றாகத்தான் எடைபோட்டிருக்கிறார்.

கம்பளி மேல்சட்டை இரண்டு அனுப்புகிறோம், ஒன்று அந்த அம்மாவுக்கு. 'என்னைவிட அகலம்' என்று நீ சொன்னதை நம்பி அப்பா துணியை வெட்டினார். காலுறை ஈரமானால் உடனே மாற்று. நீ நீண்ட ஆயுளோடு, தலை நிமிர்ந்து, இன்னும் பல மலைகள் ஏற எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்றை மறந்துவிடாதே, அடுத்த கட்டுரையில் அவர் பெயர் முதலில் வரட்டும். அவர் முதல் முடிச்சைப் போட்டபோது நீ ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து, வரைபடத்தில் மலைக்குப் பழுப்பு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாய்.

என்றும் உன்
அம்மா