கறுப்பு நூல் கட்டிய வயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன்னையும் மாப்பிள்ளையையும் குட்டிப் பெண்ணையும் தினம் போனில் பார்த்தாலும், காகிதத்தில் ஒருமுறை கேட்டால்தான் எனக்குச் சுகம் விசாரித்த மாதிரி இருக்கிறது. குட்டிக்கு அம்மா தைத்த கவுன் பார்சலில் வருகிறது, அதற்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் மடித்து வைக்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நான் போனில் பேச ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாதியிலேயே பிடுங்கிவிடுவாள், அதுவும் பேச்சு அவளைப் பற்றியது என்றால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாள். இது ஒரு வரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை. போன வாரம் நான் உன்னைக் கூப்பிட்டு, அம்மா சம்மதித்துவிட்டாள், எம்பிராய்டரிக் கடையை மூடிவிட்டு உன்னோடேயே இருக்க வருகிறோம் என்று சொன்னேன். நீயும் சந்தோஷத்தில் அன்றைக்கே எங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டாய். அந்தச் சம்மதம் எப்படி வந்தது, பிறகு என்ன ஆனது என்று நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியவரை நீ மறந்திருக்க மாட்டாய். முன்னறையில் எம்பிராய்டரி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய கம்ப்யூட்டருக்கு, எழுந்திருக்கவே இவ்வளவு நேரமா என்று அந்தப் பெயரை வைத்ததே நீதான். அதில்தான் அம்மா டிசைன் வரைவாள், எந்த இடத்தில் எந்த நிறத் தையல் விழ வேண்டும் என்று குறித்து பென் டிரைவில் ஏற்றி மெஷினுக்குக் கொடுப்பாள். நீ போன பிறகு பெரியவர் இன்னும் தளர்ந்துவிட்டார். பட்டனை அழுத்திவிட்டு அம்மா துணி மடிப்பாள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள், பீன்ஸ் நறுக்கி முடிப்பாள், அப்புறம் வந்து பார்த்தால் அப்போதுதான் திரையில் வெளிச்சம் வந்திருக்கும். வருகிறவர்களிடம் "பெரியவர் இன்னும் எழுந்திருக்கல, உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது. நீயும் நானும் கடையை மூடு, போதும், பேத்தியோடு இரு என்று சொன்னபோதெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள், "பெரியவர் என்னைக்கு நிக்கிறாரோ அன்னைக்கு நானும் நிறுத்திக்கிறேன், அதுவரைக்கும் என்னை விடுங்க" என்று. உன் அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியும், அதனால் நான் வாயை மூடிக்கொண்டு பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேக்கரிக்கார அம்மா புதுக் கிளை திறக்கிறார். ஏப்ரன், தொப்பி எல்லாவற்றிலும் கோதுமைக் கதிர் போட்டு எழுத்து தைக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுத்திருந்தார். அந்தக் கதிரை வரைந்துகொண்டிருக்கும்போதே பெரியவர் அசையாமல் நின்றுவிட்டார். அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் வேலை செய்வார், மறுபடி நின்றுவிடுவார். நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். அம்மாவோ பையை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போய்விட்டாள். கடைக்காரர் விசாரித்துவிட்டு, மற்ற பாகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, ஹார்ட் டிஸ்க்தான் முடிகிற நிலைமை, அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்கிற புது மாதிரி டிஸ்க் போட்டால் ஓடும், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள் என்றாராம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறாள். இழுத்துப் பேசியிருக்கிறார். "அப்ப அதையும் அதுக்கு வேண்டிய வயரையும் குடுங்க, நானே மாட்டிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். உன்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று நான் சொன்னதற்கு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நீ ஓய்வெடுக்கிற நேரத்தில் உன்னைப் போனில் கட்டிப்போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த எஸ்எஸ்டியை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். சீட்டுக்கட்டை விட மெலிசு, எடையே இல்லை. பழைய டிஸ்க்குக்குள் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அந்தக் கரகரப்பு, இதற்குள் எதுவும் சுற்றாது, சத்தமே வராது என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டதை எனக்கு விளக்கினாள்.

அவள் அந்த வேலையைச் செய்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் வெள்ளை விரிப்பைப் போட்டு, பெரியவரைப் படுக்க வைத்து, மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் துடைத்தாள். கழற்றிய ஸ்க்ரூக்கள் பாபின் டப்பாவுக்குள் போயின. எந்த வயரையும் எடுக்கும் முன்னால் அதன் நுனியில் ஒரு நிறத்தில் எம்பிராய்டரி நூலைக் கட்டி, அது சொருகியிருந்த இடத்துக்குப் பக்கத்திலும் அதே நிற நூலைக் கட்டினாள். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை, பழைய டிஸ்க்குக்குக் கறுப்பு. திரும்ப மாட்டும்போது யோசிக்கவே தேவையில்லை என்றாள். மில்லில் வேலைக் காலம் முழுக்க எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான், எத்தனையோ பேர் பிரித்து மாட்டிப் பார்த்திருக்கிறேன், இத்தனை நிதானமான கையைப் பார்த்ததில்லை. முதலில் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக இணைத்து, பழையதில் இருப்பதெல்லாம் புதியதற்கு நகலாகட்டும் என்று விட்டாள். அவள் வரைந்த டிசைன் ஒவ்வொன்றும் அதில்தானே இருக்கிறது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற ஆள் மாதிரி நான்தான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், அவள் பாட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நகல் முடிந்ததும் அணைத்துவிட்டு, பழைய டிஸ்க்கின் வயரை மட்டும் உருவித் தொங்கவிட்டாள். டிஸ்க் ஒரு பத்திரத்துக்கு உள்ளேயே இருக்கட்டும், ஆனால் வேலை செய்யக் கூடாது என்பது அவள் கணக்கு. அதை என்னிடம் சொல்வதற்குள் வாசலில் பேக்கரிக்கார அம்மா வந்து மணி அடித்தார், இவள் எழுந்து போய்விட்டாள்.

இப்போது என் திருவிளையாடலைக் கேள். வயர் தொங்கினால் எனக்குப் பொறுக்காது என்று உனக்குத் தெரியும், கல்யாண மண்டபத்தில்கூட நாற்காலியைப் போட்டு ஏறி வயரைச் செருகியவன் நான். மூடியை மாட்டி வைத்து உதவலாம் என்று போனால், உள்ளே ஒரு வயர் தொங்குகிறது. நுனியில் கறுப்பு நூல். டிஸ்க்கில் பார்க்கிறேன், அங்கேயும் கறுப்பு நூல். மறந்துவிட்டாள் பாவம் என்று நினைத்து மாட்டி, மூடியையும் போட்டு, ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டேன். இரண்டு டிஸ்க்குக்கும் வயர் மாட்டியிருந்தால் கம்ப்யூட்டர் பழையபடி பழைய டிஸ்க்கைத்தான் தேடிப் போகும் என்று எனக்கு என்ன தெரியும். அம்மா திரும்பி வந்து பட்டனை அழுத்தினாள். பெரியவர் எப்போதும் போலத்தான் எழுந்தார். அன்றைக்கு அவள் துணி மடிக்கவில்லை, பீன்ஸ் நறுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நம்மால முடிஞ்சது இவ்வளவுதாங்க. பொண்ணுகிட்ட வர்றோம்னு சொல்லிடுங்க" என்றாள். நான் மாடிக்குப் போய் உன்னைக் கூப்பிட்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன், குட்டி நடக்கப் பழகுவதைக் கிட்ட இருந்து பார்க்க எனக்கு அத்தனை ஆசை. ஆனால் கீழே இறங்கி வந்தால் உன் அம்மா எம்பிராய்டரி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, மறுபடி உறையை எடுத்து, சுத்தமாக இருந்த மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் காலையில், பேக்கரி ஆர்டரையாவது முடித்துக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். பட்டனை அழுத்தியவள் சட்டென்று கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள். மெஷினில் ஊசி மழுங்கினால் அடுக்களையிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்கிறவள் அல்லவா. "ஏங்க, அதுக்குள்ள சுத்தறதுக்கு ஒண்ணுமே கிடையாதே, அப்ப யாரு கரகரங்கறது" என்று அவளே கேட்டுக்கொண்டு, அணைத்து, மூடியைத் திறந்தாள். கறுப்பு நூலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். வயர் தொங்கிக்கிட்டிருந்தது என்றேன். "வேணும்னே மாட்டினீங்களா" என்று கேட்டாள். இல்லை, கை தானாகப் போய்விட்டது என்றேன். நம்பிவிட்டாள். நம்பியதோடு இல்லை, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு அந்த வயரை உருவி, என் கை போகாதபடி துணியில் சுற்றி உள்ளே கட்டிவைத்தாள். பட்டனை அழுத்திவிட்டு, வழக்கம்போலத் துணி உலர்த்தப் போய்விட்டாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பெரியவர் எழுந்து தயாராக இருக்கிறார், சத்தமே இல்லை. நான் போட்ட கூச்சலில் ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி ஓடி வந்தாள். "இவ்வளவு சீக்கிரம் எழுந்தா நான் வீட்டு வேலையை எப்பப் பாக்கறது" என்றாளே தவிர, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தது யார் என்று நினைக்கிறாய். கோதுமைக் கதிர் அன்றைக்கே முடிந்தது. கட்டின பெண்டாட்டியைப் பற்றி இந்த வயதில் பெருமை பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவேன்.

மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, அவரை வெந்நீர் குடிக்கச் சொல். நீ நின்றுகொண்டே சாப்பிடுவதை நிறுத்து, போனில் எனக்குத் தெரியவில்லை என்று நினைக்காதே. குட்டி தவழ்கிற இடத்தில் சார்ஜர் வயர் எதுவும் தொங்க வேண்டாம். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தேன். சம்மதித்துவிட்டோமே, டிக்கெட்டும் போட்டுவிட்டாளே, வார்த்தை மாறினால் பிள்ளை மனசு நோகுமே என்று அம்மா இதுவரை உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன். நாங்கள் வருகிறோம், ஆசை தீர இருக்கிறோம், ஆனால் நாங்கள் வருகிறதற்கு மட்டும்தான் நீ டிக்கெட் போட்டிருக்கிறாய், திரும்புகிறதற்கும் போட்டுவிடு. வாசலில் தொங்கவிட அம்மா ஒரு துணியில் "கடை விடுமுறை, மீண்டும் திறக்கும் நாள்" என்று நீல நூலில் தைத்து வைத்திருக்கிறாள். தேதிக்கு இடம் விட்டிருக்கிறாள், ஊசியில் நூல் கோத்தபடியே துணியில் குத்தியிருக்கிறது. பார்சலைப் பிரித்ததும் அவளைக் கூப்பிட்டு, நீயாகவே சொல்கிற மாதிரி அந்தத் தேதியைச் சொல்லிவிடு.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
எந்த வயரையும் தொடக் கூடாது என்று உத்தரவாகியிருக்கும்
உன் அப்பா