அப்பா இளைத்தது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அது எப்போதும் அப்பா சட்டைப்பையில், நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதும் உனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

கம்பெனி டாக்டர் அப்பாவை எடை குறைக்கச் சொன்னது உனக்குத் தெரிந்ததுதான். லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று கயிறும் கப்பியும் பார்க்கிற வேலைக்கு இந்த உடம்பு ஆகாது, குறைக்காவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து புகார் போனை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது தண்டனை மாதிரி. டயட் சொல்லித் தருகிற அந்த அம்மாவிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போய், எல்லாத்தையும் விட்டுடறேன் மேடம், காலையில அந்த பன்னிக்கறி பேக்கனை மட்டும் விட்டுவைங்க என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டு, கலோரிக்குள்ள அடக்கினா தாராளமா சாப்பிடுங்க என்றார். அன்றிலிருந்து அதுவே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. எண்ணெய் விடாமல் ஓவனில் கம்பித்தட்டின் மேல் வைத்துச் சுடுவேன், கொழுப்பெல்லாம் கீழே சொட்டிவிடும், மிச்சத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுப்பேன், ஒரு துண்டைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து வேகவைத்த பீன்ஸ் மேல் தூவினால் வாய்க்கு வாய் வரும், நிறையச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அப்பா அதற்கும் பேரம் பேசுவார். காப்பியில் சர்க்கரையை விட்டால் இன்னொரு துண்டு தருவாயா, சாயங்கால பிஸ்கட்டை விட்டால் தருவாயா என்று காய்கறிக் கடையில் நிற்கிறவர் மாதிரி கேட்பார். அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் நிறையச் சிரித்தோம் கண்ணு.

எடையும் குறைந்தது. கூட வேலை செய்கிற குண்டு மெக்கானிக், இனிமே இந்தக் குண்டுப் பட்டம் எனக்கு மட்டும்தானா அண்ணே என்று கேட்டாராம். நீயும் போனில் பார்த்துவிட்டு, அப்பா புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க என்றாய். அப்பா அன்றைக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பேன்ட்டுகளை எல்லாம் நான்தான் பிடித்துத் தைத்தேன், சந்தோஷமாகத் தைத்தேன். பிறகு தைத்ததே மறுபடி தொளதொளத்தது. ஒரு நாள் அவர் கேட்காமலே தட்டில் ஒரு துண்டு கூட வைத்தேன். வேணாம்மா, இன்னிக்குக் கணக்கு முடிஞ்சுது என்று தள்ளி வைத்துவிட்டார். பேரம் பேசிப் பேசி வாங்கித் தின்ற மனிதர் வேண்டாம் என்கிறாரே என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். சாப்பிட்டால் குமட்டுகிறது, முதுகுக்குள் வலிக்கிறது என்பதையெல்லாம் அவர் டயட்டின் மேல் போட்டு மறைத்திருக்கிறார்.

கம்பெனி டாக்டர் மறுபடி பார்த்தபோது முதலில் கை கொடுத்தார். அப்புறம் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், மஞ்சளாக இருந்தது. வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்டார், நான் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்தச் சாப்பாட்டுக்கு இவ்வளவு இளைக்கக் கூடாதும்மா என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாதாம். மருந்து ஏற்றினால் கொஞ்சம் தள்ளிப் போகும் என்கிறார்கள். எவ்வளவு தள்ளிப் போகும் என்று ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் நான் கேட்டதும், அப்பாதான் என் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டி வந்தார்.

கலோரிக் கணக்குப் போடுகிற அந்த ஆப்பை அப்பா போனில் போட்டுக் கொடுத்தது நீ என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. டயட்டால் வந்ததா என்று நான் இரண்டு டாக்டர்களிடமும் கேட்டுவிட்டேன், இல்லவே இல்லை என்றார்கள். உனக்காகத்தான் கேட்டேன், எனக்காகவும்தான். இப்போது அதே டயட் அம்மா, வெண்ணெய், பாலாடை, எது உள்ள போகுதோ குடுங்க, கலோரி ஏறட்டும் என்கிறார். நான் ஓடிப்போய் பேக்கன் வாங்கி வந்து வெண்ணெயிலேயே வறுத்துத் தட்டு நிறைய வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, இத்தனை நாள் எண்ணி எண்ணி வச்சே, இப்ப அள்ளி வைக்கிறே, உனக்கு ஒரு நிதானமே இல்லடி என்றார். ஒரு துண்டை வாயில் வைத்து வெகுநேரம் மென்றார். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டார், எனக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். அதற்குப் பிறகு நான் வறுக்கவில்லை, அந்த வாசனையே அவருக்கு ஆகவில்லை. கஞ்சித் தண்ணீரில்தான் நாள் ஓடுகிறது.

உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவளுக்கு இப்பதான் வேலை நிரந்தரமாச்சு, அவ பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறார். நீ போனில் பார்க்கும்போதெல்லாம் சட்டைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, விளக்குக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். அந்தச் சத்தியத்தை நான் இன்றைக்கு மீறிவிட்டேன், அவர் திட்டினால் திட்டட்டும். லீவு கேட்டுக் கிளம்பி வா கண்ணு, தள்ளிப் போடாதே. மாப்பிள்ளைக்கு முடியாவிட்டால் நீ மட்டுமாவது வா. வழியில் வேளாவேளைக்குச் சாப்பிடு, அழுவதையெல்லாம் வண்டியிலேயே அழுதுவிட்டு வா. நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அப்பாவைக் கட்டிப் பிடிக்கும்போது எலும்பு கையில் தட்டும், தட்டினால் கையை எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா