விளக்கெண்ணெய் வைத்த கை

அக்கா,

இன்று காலை நம் கடைக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்த பெண் ஒருத்தி, அரக்குப் பட்டு ஒன்றை என்னிடம் நீட்டி, "இத உங்க மேல போட்டுக் காட்டுங்கக்கா" என்றாள். தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். புதுப்பட்டின் வாசனை மூக்கில் ஏறியதும், எதிர் கவுண்டரிலிருந்து நீ "இன்னும் கொஞ்சம் திரும்புடி" என்று சொல்வதுபோல் இருந்தது. திரும்பியும் விட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. என் மரமண்டைக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

முப்பத்து மூன்று வயதில் எனக்கு வந்த வினையை நினைத்துக்கொண்டேன். நெற்றி முழுக்கத் தோலுக்கடியில் ரவை ரவையாகப் பொடிக்கட்டிகள், தாடையில் கரும்புள்ளிகள். வலியும் இல்லை, சீழும் இல்லை. போகவும் இல்லை. வயசுப் பிள்ளைகளுக்கு வருவது, இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு ஏன் வரவேண்டும்? கடலைமாவு, எலுமிச்சம்பழம், நாளைக்கு ஐந்து முறை சோப்பு என்று தேய்த்துத் தேய்த்து முகம் எரிந்ததுதான் மிச்சம்.

"ஒடம்பு சூடுடி. உச்சி குளுந்தா எல்லாம் பூடும்" என்றாய். நம் பக்கத்தில் முகத்தில் எது முளைத்தாலும் சூடுதானே? வெள்ளிமலையில் உன் அம்மா வீட்டில் காய்ச்சிய விளக்கெண்ணெயைத் திங்கட்கிழமைதோறும் பாட்டிலில் கொண்டுவருவாய். சாப்பாட்டு நேரத்தில் மாடி குடோனில் என்னை உட்காரவைத்து, உச்சியில் தேய்த்து, மிச்சத்தை நெற்றியிலும் வழித்துவிடுவாய். உன் விரல் பட்டதும் எனக்குக் கண் சொக்கும். இரண்டு மாதம் ஒரு நாள் தப்பாமல் வைத்தாய். கட்டிகள் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கின. "சூடு வெளிய வந்துக்கினு இருக்குது" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாய், மகராசி!

அப்போதுதான் சங்கராபுரத்திலிருந்து ஒரு அம்மா புடவை எடுக்க வந்தார்கள். நான் புடவையைத் தோளில் போடப்போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "வேணாம்மா, ஒட்டிக்கினா இன்னா பண்றது?" என்றார்கள். கடையே திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் முதலாளி, "கொஞ்ச நாள் குடோன்லயே இரும்மா" என்றார். அப்படி மேலே போனவர்கள் யாரும் அடுத்த மாதம் வேலையில் இருந்ததில்லை. நான் அழுவதைப் பார்த்து, மறுநாள் நீயே லீவு சொல்லிவிட்டு என்னைக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

தோல் டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தலைக்கு என்ன வெக்கிறீங்க?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "நான்தாங்க வெளக்கெண்ண வெச்சி வுட்றேன், சூட்டுக்கு." உன் குரலில் அவ்வளவு பெருமை.

அவர் திட்டவில்லை. "இது சூடும் இல்லம்மா, அழுக்கும் இல்ல. தோல்ல இருக்கிற பொடி துவாரத்த எண்ணெயும் செத்த தோலும் அடைச்சிக்குது. முப்பது நாப்பது வயசுலயும் வரும். யாருக்கும் ஒட்டாது. மேல எண்ண பூசப் பூச இன்னும் அடைக்கும். போட்டுத் தேய்க்கறதையும் நிறுத்துங்க" என்றார். ஒரு ஜெல் எழுதிக்கொடுத்தார். ராத்திரியில் பட்டாணி அளவு எடுத்து, கட்டிமேல் மட்டும் வைக்காமல் முகம் முழுக்கத் தடவ வேண்டும். பகலில் வெயிலுக்கு ஒரு கிரீம். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்த ஜெல் ஆகாதாம்; இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருந்தால் முன்னாடியே சொல்லச் சொன்னார்.

வெளியே வந்ததும் உன்மேல் பாய்ந்தேன். "உன் கையாலதான் என் மொகம் இந்தக் கதி ஆச்சு. இனிமே என்னத் தொடாத." என் வாய் அப்படிப்பட்ட வாய். நீ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாய். அன்று உன் கையில் எண்ணெயே இல்லை, அக்கா.

மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் பேசினாய். மூன்றாம் வாரம் தோல் உரிந்து, கட்டிகள் இன்னும் கிளம்ப, ட்யூபைக் குப்பைக்கூடையில் எறிந்தேன். பொறுக்கியெடுத்தது நீதான். எனக்குத் தெரியாமல் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து அதட்டினாய். "மொதல்ல ஜாஸ்தியாவுமாம், அப்பறம்தான் கம்மியாவுமாம். எரிஞ்சா ஒரு நாள் வுட்டு ஒரு நாள் போடச் சொன்னாங்க. ஒழுங்கா போடுடி!" அதிலிருந்து காலையில் கடை திறந்ததும் உன் முதல் கேள்வி, "பட்டாணி போட்டியா?" என்பதுதான். முதலாளியிடமும், "அது ஒட்டாதுங்க, டாக்டரே சொல்லிட்டாங்க" என்று எனக்காக நீதான் மல்லுக்கு நின்றாய்.

நான்காம் மாதம் நெற்றி தெளிந்தது. முதலாளி என்னைக் கீழே கூப்பிட்டார். கடை முழுக்க ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாய். ஆனால் என்னைத் தொடவே இல்லை. பூ வாங்கி வந்தால்கூட என் தலையில் வைக்காமல் கையில் கொடுத்து, "நீயே வெச்சிக்கடி" என்பாய். எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் உன்னை இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எப்டி வழவழன்னு ஆயிடுச்சி பாரு" என்று கையைத் தூக்கி என் நெற்றிவரைக்கும் கொண்டுவந்தாய். பாதியில் நிறுத்தினாய்.

"கைய கழுவிட்டேண்டி" என்றாய்.

அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டேன். மன்னிச்சிடு என்று சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. என்னைத் தொடுவதற்கு உத்தரவு கேட்கவேண்டிய ஆளா நீ? உன்னை அப்படிக் கேட்கவைத்துவிட்டேனே, அக்கா.