அணிலும் குருட்டுக் கொக்கும்

தை 9. கார்வேட்டிநகரம். நல்ல பனி.
காலையில் ஏரிக்கரை. ஓய்வு பெற்று ஆறு வருஷம். இயற்கைப் பாட வாத்தியார் புத்தி இன்னும் போகவில்லை. நோட்டில் நடுவே கோடு, இரண்டு பத்தி.
அணில்: முதுகில் மூன்று கோடு. இன்று மரத்தைவிடத் தரையில் அதிக நேரம். விதை, பூச்சி.
குருட்டுக் கொக்கு: மண் நிறம். கணுக்கால் அளவு நீர். ஒரு மணி நேரத்தில் ஒரு மீன், ஒரு தவளை.
திரும்பும்போது பக்கத்து நிலத்துக் கோவிந்தன். ஊரை மதராஸோடு சேர்க்கச் சொல்லி மனு. முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்து. தமிழில்.

தை 10. முட்டிவலி. தைலம் தீர்ந்தது.
ரங்கய்யா வந்தான், பழைய மாணவன். ஊர் ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று எதிர் மனு. "ஒக்க சந்தகம், மாஸ்டாரு, அந்தே." ஒரே ஒரு கையெழுத்துதானாம். பேனாவையும் நீட்டினான். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தெலுங்கில் போட்டேன்.

தை 14. சாவடியில் மனு விசாரணை. சித்தூர் அதிகாரி. இரண்டு மனுவிலும் உள்ள பெயரை உரக்கப் படித்தார். ஒரே பெயர். என்னுடையது.
"இன்னா வாத்யாரே, ரெண்டு எலையிலயும் துன்றீங்களே!" கூட்டத்தில் யாரோ. சிரிப்பு.
எது செல்லும் என்றார் அதிகாரி.
நான் சொன்னது: "எனக்குக் கண் சரியாகத் தெரியாது. கிணறு வெட்ட மனு என்றான் கோவிந்தன். நம்பிப் போட்டேன்."
ஏமாற்றி வாங்கியது என்று அந்த மனுவையே ஒதுக்கிவிட்டார். ஒரு மாதம் வீடு வீடாக நடந்து கோ. வாங்கிய கையெழுத்துகள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

தை 15. ஏரிக்கரை.
பருந்து வந்தது. அணில் வாலை அடித்துக் கத்தியது. கத்தினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இருந்தும் கத்துகிறது.
கொக்கு: சத்தமில்லை, அசைவில்லை. நான் காலடிக்குப் போன பிறகுதான் எழுந்தது. அதனால்தான் ஊரில் குருடு என்கிறார்கள். கண் நன்றாகவே தெரியும் அதற்கு. என்னைப் போல என்று எழுதினேன். அடித்துவிட்டேன். கொக்கு யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

தை 16. மளிகைக் கடையில் இரண்டு பேர்: "கெணறுன்னு சொல்லி ஊரையே ஏமாத்திக்கினு திரிஞ்சிருக்கான் பாரு, கோயிந்தன்."
உப்பு வாங்காமல் வந்துவிட்டேன்.

தை 17. வெயில். அதிகாரிக்கு உண்மையை எழுதித் தபாலில் போட்டேன்.
பிறகு டீக்கடை. கோ. பெஞ்சில், முதுகு காட்டி. "கிணறுன்னு அவன் சொல்லலை" என்றேன்.
"இன்னா சார், காதுல விழல," கடைக்காரர்.
உரக்கச் சொன்னேன். "படிச்சுட்டுத்தான் போட்டேன். ரெண்டுலயும். அதிகாரிக்கும் எழுதிட்டேன்."
"அத்த அன்னிக்கே சாவடில சொல்றதுக்கு இன்னா?" கடைக்காரர்தான்.
மூலையில் ரங்கய்யா: "சரி மாஸ்டாரு, நீங்க எந்தப் பக்கம்?"
பெஞ்சுப் பக்கம் போனேன்.
கோ. திரும்பவில்லை. பெஞ்சில் ஒரு சாண் நகர்ந்தான். இடம் விட்டானா, விலகினானா, தெரியவில்லை. உட்கார்ந்தேன்.