உப்பில்லாத தட்டு

2025 ஆகஸ்ட் 4
ஏழு மணி பஸ் தவறிவிட்டது. கிண்ணியாப் பாலத்தடியில் அரை மணித்தியாலம் நின்று ஆய்வுகூடம் போக ஒன்பதாகிவிட்டது. இருந்தும் இன்றைக்கு எதற்கும் எரிச்சல் வரவில்லை. சீனன்குடா வேலியில் படர்ந்த நீலச் சங்குப்பூக் கொடியிலிருந்து பிரித்தெடுத்த புரதத்துண்டு கிருமியைக் கொன்றிருக்கிறது! சோதனைத் தட்டு முழுக்கக் கிருமி, நடுவில் மட்டும் துப்புரவான வட்டம். படம் எடுத்து என் அண்ணன், அன்ஸார் நானாவுக்கு அனுப்பினேன். தோணியால் இறங்கும்போது சிப்பி வெட்டின கால் அவருக்கு இன்னும் ஆறவில்லை, இரத்தத்தில் சீனி கூடின வருத்தம் வேறு. கொஞ்சம் சந்தோஷப்படட்டும் என்றுதான் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9
நானாவை ஆஸ்பத்திரியில் மறித்து வார்டில் போட்டுவிட்டார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியாம். இப்போதே இரண்டு கால்விரலை எடுத்தால் போதும் என்கிறார் டொக்டர். நானா கையெழுத்து வைக்கவில்லை. போனைத் திறந்து டொக்டருக்கு நான் அனுப்பின தட்டின் படத்தைக் காட்டினார். "என்ட தங்கச்சி மருந்து செய்யிறா. அது வரட்டும்."
வார்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஆகஸ்ட் 10
என் ஆராய்ச்சி மருந்தைப் பற்றியதே இல்லை. விதையில் சேமிப்புக்கு இருந்த மரபணு எப்படிக் காவல் வேலைக்கு மாறியது என்பதுதான் என் கேள்வி. வெட்டுகிற நொதியொன்று, தலைமுறை தலைமுறையாகத் திரிந்து, வெட்டின முனைகளை ஒட்டப் பழகியிருக்கிறது. ஒட்டினதும் துண்டு வளையமாகிவிடும். முனையே இல்லாததை எதுவும் இலேசில் கடித்துக் கரைக்க ஏலாது. இதற்கு எத்தனை இலட்சம் வருடம் போனதோ. எல்லாம் இலை தின்கிற புழுவுக்காக. நானாவின் விரலை அந்தக் கொடி நினைத்தும் பார்க்கவில்லை.
கையெழுத்து வைக்க நானாவுக்கு டொக்டர் கொடுத்திருப்பது ஒரு கிழமை, ஏழே நாள்.

ஆகஸ்ட் 12
உடம்பில் இருக்கிற அளவு உப்புச் சேர்த்துத் திரும்பச் செய்தேன். வட்டம் இல்லை.

ஆகஸ்ட் 13
இன்னும் மூன்று தட்டு. இல்லை. இல்லை. இல்லை.
என் ஆய்வுக்குப் பொறுப்பான தர்சிகா மிஸ் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்ச விசயம்தானே, ஷாமிலா. இந்த வகைப் புரதத்துல முக்காவாசி, உப்பு பட்டா வேல செய்யாமப் படுத்திடும்," என்றார்.
தெரியும். படம் அனுப்பின அன்றைக்கும் தெரியும். உப்பில்லாத தட்டுத்தான் வடிவாக இருந்தது, அதுதான் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 14
சொல்லத்தான் போனேன். நானா காய்ச்சலோடு எழும்பியிருந்து பக்கத்துக் கட்டில்காரருக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார்.
"மருந்து எப்ப வரும், தங்கச்சி?"
"செய்யிறம் நானா."
செய்யிறமாம். என்ட நாக்கு அழுகிப் போகாதா? அவருடைய மனைவி றுக்கியா மதினி ஊற்றித் தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16
கால் கறுத்துக்கொண்டு போகுது. பயமாக் கிடக்கு, அல்லாஹ்வே.

ஆகஸ்ட் 17
இரண்டு விரல் இனிப் போதாது, முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்று காலையில் டொக்டர் சொன்னார். நானா அப்போதும் என்னைத்தான் பார்த்தார்.
"அது மருந்தில்ல நானா. ஒங்கட உடம்புக்குள்ள அது வேல செய்யாது. இனி வரவும் வராது."
நானா போனில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தார்.
"முதல்லயே தெரியுமா?"
"ஓம்."
பேனையைக் கேட்டார். கையெழுத்து வைத்தார்.

ஆகஸ்ட் 30
நானாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பார்க்க வந்த சனம் விறாந்தை நிறைய. இரண்டு விரலோடு போக இருந்ததை ஏன் இந்தளவுக்கு விட்டீர்கள் என்று யாரோ கேட்டார்கள். றுக்கியா மதினி என்னைப் பார்த்தார்.
நானா முந்திக்கொண்டார். "நான்தான் பயந்துட்டன். வெட்டுறதெண்டா எனக்குப் பயம். தங்கச்சி எவ்வளவோ சொன்னா, நான் கேக்கல்ல."
தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசலில் நின்றேன். பிறகு ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு போனேன்.