லென்ஸை மூடிய உள்ளங்கை

இன்று உன் போன் உறையைத் துடைக்கலாம் என்று கழற்றினேன். உள்ளே பச்சை ஏலக்காய் வாசனை. கீழே போட்டுவிட்டேன். நீ போய் ஏழு மாதமாகியும் எனக்குப் பயம் விடவில்லை. இதை உன்னிடம் சொல்ல வெட்கமும் இல்லை. நீ இருந்தபோதே என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதானே கூப்பிடுவாய்?

வகுப்புக்காக நாம் எடுத்த குறும்படம். கோம்பையில் விடிகிற நேரத்தில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களின் ஒரு நாள். உன் அம்மாவும் அந்த ஜீப்பில் போகிறவர் என்பதால் கூடப் போய்ப் படம் பிடிப்பது உன் பொறுப்பு. தேனியில் கல்லூரிக் கம்ப்யூட்டரில் எடிட்டிங் என் பொறுப்பு. காட்சி மாறுவது தெரியக்கூடாது என்பதற்கு நீ ஒரு வழி வைத்திருந்தாய். ஜீப்புக்குள் எடுத்துக்கொண்டே வந்து உள்ளங்கையால் லென்ஸை மூடுவாய். தோட்டத்தில் மூடிய கையோடு தொடங்கி, கையை எடுப்பாய். இரண்டு இருட்டையும் ஒட்டினால் போதும், ஒரே மூச்சில் ஜீப் மலையேறிவிடும்.

முதல் நாள் நீ கொண்டுவந்ததில் தோட்டக் காட்சி சரியாக இருந்தது. ஜீப் காட்சியில்தான் கையை வைத்த வேகத்தில் எடுத்திருந்தாய். ஒட்டினால் படம் குதித்தது.

"இருட்டு பத்தலடா. திரும்பப் போய் எடுத்துட்டு வா" என்றேன்.

"இதுக்காக இன்னொருக்க மலையேறணுமா?" என்று முனகினாய். நான் விடவில்லை. மறுநாள் காலை ஜீப் மலையேறும் மெட்டுச் சாலை வளைவில் கவிழ்ந்தது. உன்னைத் தவிர மற்றவர்கள் கை கால் முறிவோடு பிழைத்தார்கள்.

படத்துக்காக என்னிடம் வந்து சேர்ந்த உன் போனில் அன்றைய காட்சி ஒன்று இருந்தது. சிறிது நேரம் பெண்களின் முகங்கள், பிறகு உன் உள்ளங்கை, அதன்பின் ஒரு நிமிடம் முழு இருட்டு. இருட்டு தொடங்கும் இடத்திலேயே ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுவேன். அந்த ஒரு நிமிடத்தில் என்ன சத்தம் இருக்குமோ என்று பயம்.

ஒரு மத்தியானம் வகுப்புத் தோழன் கம்ப்யூட்டர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அவுக அம்மா வந்திருக்காக" என்றான்.

உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, அன்னைக்குக் காச்சல்னு நான் வேலைக்குப் போகல. நானில்லாம இவன் எதுக்கு ஜீப்புல ஏறுனான்னே தெரியலப்பா. கடைசியா எடுத்தத போடு."

மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம் என்று நீ கேலி செய்வாயே, அந்தக் கனத்தோடு பட்டனை அழுத்தினேன். முகங்கள் போயின. உள்ளங்கை வந்தது. இருட்டுக்குள் எஞ்சின் இரைச்சல். அதற்கு மேல் உன் குரல்.

"ஏலே, இருட்டு பத்தலன்னியே? இந்தா, ஒரு நிமிசம். வேணுங்கிற மட்டும் வெட்டிக்க."

யாரோ ஒரு பெண், "ஆருகிட்டப்பா பேசுற?" என்று கேட்டார்.

"என் கூட்டாளிகிட்டக்கா. அந்தக் கிறுக்குப்பயதான் திரும்ப அனுப்புனான்."

ஜீப் முழுக்கச் சிரிப்பு. பிறகு நீயே நிறுத்தியிருக்கிறாய். அவ்வளவுதான் இருந்தது.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீதான் போகச் சொன்னியா?"

"ஆமாம்மா." திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இதுக்கு அடுத்தாப்ல என்ன வரும்?" என்றார்.

அவர் முன்னாலேயே ஒட்டினேன். இரண்டு நொடி இருட்டை வைத்துக்கொண்டு மீதியை வெட்டி, முதல் நாள் எடுத்த தோட்டக் காட்சியைச் சேர்த்தேன். உன் கை லென்ஸை மூடியது. உன் கை விலகியது. ஏலச்செடிகளுக்கு நடுவே அம்மா நிமிர்ந்து உன்னைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு முறை போடச் சொன்னார். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கன வெட்டுனன்னே தெரியலப்பா" என்றார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அதில் ஜீப் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது. யார் அதைப் பாராட்டினாலும் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போகிறது. எங்கே வெட்டினேன் என்று எனக்குத் தெரியும்.